காரைக்குடி வீடு: பழைய சுவரும் புதுத் தளமும் சேரும் இடத்தில் ஒழுகல்

வீட்டின் இரண்டாம் கட்டுக்கு (உள் முற்றப் பகுதிக்கு) பின்னால் தனித் தூண்களில் புதுச் சமையலறை. அதன் கான்கிரீட் மேல்தளம் பழைய சுண்ணாம்புச் சுவரை முட்டும் இடத்தில், மழை பெய்தால் உள்பக்கம் நீர் வழிந்தது.

முதலில் சிமெண்ட் கலவை அடைத்தோம். ஒரு மாதத்தில் விரிசல். அடுத்து வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட். அதுவும் அதே கோட்டில் பிளந்தது.

காரணம் விடியற்காலையில்தான் பிடிபட்டது. ஆறு மணிக்கு விரிசலுக்குள் தபால் கார்டு நுழைந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு பிளேடுகூட நுழையவில்லை. வெயிலில் தளம் விரிந்து சுவரை முட்டுகிறது, இரவில் சுருங்குகிறது. கொத்தனார் அடைத்ததெல்லாம் பகலில், இடைவெளி மூடியிருக்கும் நேரத்தில்!

தீர்வு, இரண்டையும் பிரித்துவிடுவதுதான். தளத்தின் ஓரத்தை வெட்டி 25 மி.மீ. இடைவெளி விட்டோம். தள ஓரத்தில் 150 மி.மீ. உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் போல ஒரு திட்டு. அதற்கு மேலே சுவரில் 25 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, இடைவெளியை மூடும் செம்புத் தகட்டின் மேல் விளிம்பைச் செருகி, ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்பு-மணல் கலவையால் அடைத்தோம். கீழ் விளிம்பு திட்டின் மேல் 75 மி.மீ. கவிந்து நிற்கும், அங்கே ஆணியோ பசையோ கூடவே கூடாது, தளம் நகர வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று 100 மி.மீ. ஏறியிருக்கட்டும். அலுமினியம் வேண்டாம், ஈரச் சுண்ணாம்பு அதை அரித்துவிடும்.

ஐப்பசி மழை முழுதும் ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்பாடா!