ஸ்போர்ட்ஸ் காரில் தினமும் ஆபீஸ் போகிறவர்கள் டயர் மாற்றும்போது செய்யும் தவறுகள்

செகண்ட் ஹேண்டில் நல்ல ஸ்போர்ட்ஸ் வண்டியாகப் பார்த்து வாங்கி, அதிலேயே தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் சென்னையில் இப்போது நிறையப் பேர். என் பட்டறைக்கு அலைன்மென்ட் பார்க்க மஸ்டாங் வருகிறது, மினி கூப்பர் எஸ் வருகிறது, பிஎம்டபிள்யூ எம்340ஐ வருகிறது. வாங்கிய கொஞ்ச நாளில் முதல் டயர் செலவு வந்து நிற்கும். அப்போது இவர்கள் செய்வதைப் பார்த்தால், இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் செய்த கூத்து அப்படியே திரும்ப நடக்கிறது.

மொட்டை டயரில் ஓட்டாதே, காற்றைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இந்த வண்டியை வாங்கியிருக்கவே கூடாது.

பின்னால் ஒரு ஜோடி மட்டும் போதும் என்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எம்340ஐ நம் செங்கல்பட்டு பக்கம் மகேந்திரா சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் 2021 முதல் பூட்டப்படுகிற வண்டி. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் இழுவை. வெளியே பார்த்தால் குடும்ப செடான் மாதிரிதான் இருக்கும். இழுவை முதலில் பின்சக்கரங்களுக்குப் போகும். நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேவைக்கு ஏற்ப இறுகி, முன்சக்கரங்களுக்கும் ஒரு பங்கைத் தள்ளிவிடும். பின்னால்தான் வேலை அதிகம் என்பதால் பின் டயர் சீக்கிரம் தேயும், முன்னால் பாதி பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளின் உயரம்) பாக்கி இருக்கும். யாருக்கும் பின்னால் மட்டும் மாற்றத்தான் தோன்றும்.

சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அப்படித்தான் மாற்றியிருந்தார். என்னிடம் வந்தது அலைன்மென்டுக்கு. "அண்ணே, பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா வண்டி உதறுது. சிக்னல்ல மெதுவா எடுத்தாலும் அடியில ஒரு குத்து. கியர் பாக்ஸ் போயிருக்குமோ?" என்றார். அலைன்மென்ட் மிஷினில் ஏற்றுவதற்கு முன்பே நான் டயரைத்தான் பார்த்தேன். முன்னால் கம்பெனியிலிருந்து வந்த, நட்சத்திரக் குறி போட்ட டயர். பட்டன் 4 மில்லிமீட்டர். பின்னால் வேறொரு பிராண்டில் புத்தம் புது ஜோடி, ஏழரை மில்லிமீட்டர்.

அவர் வண்டியில் 19 அங்குல வீல். முன்னால் 225/40 ஆர்19, பின்னால் 255/35 ஆர்19. எண்கள் வேறாக இருந்தாலும் கணக்குப் போட்டால் முன் டயரின் விட்டம் சுமார் 663 மில்லிமீட்டர், பின் டயர் 661. அகலம் வேறு, உயரம் ஒன்று. தற்செயலாக அமைந்தது இல்லை அது. நாலும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் நடுவில் இருக்கும் கிளட்சுக்கு ஓய்வு கிடைக்கும்.

காற்றைச் சரியாக அடித்துவிட்டு, டயரின் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு, நேர் கீழே தரையில் ஒரு கோடு போட்டேன். வண்டியை நேராகத் தள்ளி, சக்கரம் ஒரு சுற்று முடித்ததும் தரையில் அடுத்த கோடு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இப்படி அளந்ததில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். இரண்டு மீட்டர் சுற்றளவில் இரண்டு சென்டிமீட்டர், அதாவது நூற்றுக்கு ஒன்று. தம்பி "இவ்வளவுதானா?" என்று சிரித்தார். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறக்குறைய 485 தடவை சுற்றுகிறது. நூற்றுக்கு ஒன்று என்றால் கிலோமீட்டருக்கு ஐந்து சுற்று. 20 கிலோமீட்டர் ஓஎம்ஆரில் போனால் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட நூறு சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். அந்த நூறு சுற்றை எங்கே கழிப்பது? கிளட்ச் இறுகியிருக்கும் நேரத்தில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசித்தான் கழிக்கும். உரசினால் சூடு, சூட்டில் ஆயில் கெடும், ஆயில் கெட்டால் தட்டு பிடித்துப் பிடித்து விடும். அந்தக் குத்துதான் அவருக்குக் கேட்டது.

பின்னாலும் அதே பிராண்ட், அதே மாடல் போட்டிருந்தால்? வித்தியாசம் கொஞ்சம் குறைந்திருக்கலாம், போயிருக்காது. டயரின் மேல் அச்சடித்த சைஸ் ஒன்றாக இருந்தாலும் பிராண்டுக்குப் பிராண்ட் உண்மையான சுற்றளவு மாறும். நட்சத்திரக் குறி போட்ட டயருக்கும் அதே கம்பெனியின் குறி இல்லாத டயருக்கும்கூட மாறலாம். பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், போர்ஷேவுக்கு என்0, என்1, பென்ஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ என்று பக்கவாட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த வண்டிக்கென்று பார்த்துத் தேர்ந்த டயர் என்பதற்கான குறி. விலையை ஏற்றப் போட்ட அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

டயர் விற்ற கடையில் "சைஸ் ஒண்ணுதான் சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லைதான். தம்பிக்கு முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் மாற்றினார்கள், கம்ப்யூட்டரில் திரும்ப அளவு பதியவைத்தார்கள். ஒரு மாதம் சும்மா இருந்து மறுபடி உதற ஆரம்பித்தது. கடைசியில் அந்தப் பெட்டியையே மாற்ற வேண்டி வந்தது. முன் ஜோடியை வாங்காமல் மிச்சம் பிடித்தது ஐம்பதாயிரம் சொச்சம். பில் வந்தது லட்சங்களில். அதற்கப்புறம் நாலு டயரும் ஒரே செட்டாக வாங்கினார், அந்தப் புது ஜோடியைப் பாதி விலைக்கு யாருக்கோ தள்ளிவிட்டு.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: முன்னுக்கும் பின்னுக்கும் பட்டன் வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அதே பிராண்ட், அதே மாடல், அதே குறியில் ஜோடி மாற்றலாம். அதைத் தாண்டினால் நாலும்தான். ஆழம் அளக்கும் கேஜ் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்ல பட்டன் இருக்கும் டயரைக் கழற்ற மனசு வராது, புரிகிறது. அந்த வருத்தத்துக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் விலையை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள், போய்விடும்.

மஸ்டாங் ஜிடி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அது பின்சக்கர இழுவை, அங்கே கிளட்ச் பஞ்சாயத்து கிடையாது. பின் ஜோடியை மட்டும் மாற்றலாம். ஆனால் முன்னால் இருப்பதே பின்னாலும் இருக்கட்டும். முன்னால் ஒரு பிடி, பின்னால் வேறு பிடி என்றால் மழையில் வளைவு எடுக்கும்போது வண்டி என்ன செய்யும் என்று உங்களால் ஊகிக்க முடியாது.

முன்னும் பின்னும் ஒரே சைஸ் உள்ள வண்டியில் புது ஜோடியை முன்னால் போடுவது

புதியவை பின்னால். முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் பின்னால்தான்.

டிராக் டயரில் தினசரி ஓட்டம்

ஒருவர் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வருடத்துக்கு ஒரு நாள் ஓட்டுவார். அந்த ஒரு நாளுக்காக மிஷெலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரி டயரை வாங்கி வருடம் பூராவும் ஓட்டுவார். டயரின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும், பாருங்கள். கப் 2-வுக்கு 180, அதே மிஷெலினின் பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸுக்கு 300. எண் குறைய ஆயுளும் குறையும். (அந்தந்தக் கம்பெனி தானே சோதித்துப் போட்டுக்கொள்ளும் எண் இது. ஒரே கம்பெனிக்குள் ஒப்பிடலாம், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே அதை வைத்துச் சண்டை போடாதீர்கள்.)

ஆயுள் போனால் பணம்தான் போகும். நவம்பர் மழையில் நிலைமை வேறு. இந்த டயர்களில் தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளம் குறைவு, ஆழமும் குறைவு. தேங்கிய தண்ணீரில் எண்பதில் போனால் டயர் தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும். அப்போது ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும், பிரேக் மிதித்தாலும் பிடிக்காது. தினமும் ஓட்டுகிற வண்டிக்கு பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி நல்ல சம்மர் டயர் போதும். டிராக் ஆசை விடாது என்றால் இன்னொரு செட் ரிம்மில் அந்த டயரைப் பூட்டி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிம்மை ஒரு அங்குலம் ஏற்றுவது

மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளமெல்லாம் முதலில் மூடட்டும். ரிம் பெரிதானால் டயரின் பக்கவாட்டு உயரம் குறையும், பள்ளத்தில் அடி நேரே ரிம்முக்குத்தான்.

தேதி பார்க்காமல் வாங்குவது

2020 ஜூனில் புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது மத்திய அரசு. அதிலிருந்து லைசன்ஸ் இல்லாமல் கொண்டுவர முடியாது. உள்ளூரில் தயாராகாத பெரிய சைஸ்கள் கிடைப்பது அப்போதிருந்தே திண்டாட்டம். கிடைக்கவில்லை என்றால் என்ன நடக்கும்? எங்கோ குடோனில் கிடந்த பழைய சரக்கு தூசி தட்டி வரும். அதுவும் "கடைசி செட் சார்" என்று சொல்லி, தள்ளுபடி இல்லாமல்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் வரிசையில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம். ஒரு பக்கத்தில் அது இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும், அதனால் ரிம்மில் பூட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பட்டன் புதுசாக இருந்தாலும் ரப்பர் வருடத்துக்கு வருடம் இறுகிக்கொண்டே போகும், நம் ஊர் குடோன் வெயிலில் இன்னும் சீக்கிரம். இரண்டு வருடத்துக்கு மேல் பழசு என்றால் நான் வாங்கச் சொல்வதில்லை. நாலும் ஒரே காலத்தில் தயாரானவையா என்றும் பாருங்கள்.

ரன்ஃபிளாட்டை எடுத்துவிட்டு ஸ்டெப்னி பற்றி யோசிக்காதது

ரன்ஃபிளாட் என்பது பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓட்டக்கூடிய முரட்டு டயர், சாதா டயர் போட்டால் சவாரி மெத்தென்று மாறும். தாராளமாக மாற்றலாம். ஆனால் அந்த வண்டிகளில் ஸ்டெப்னி வைக்கவே இடம் விட்டிருக்க மாட்டார்கள். பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசரும் டிக்கியில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் கிழிந்தால் அதுவும் உதவாது, டோயிங் வண்டிதான். முன்னால் ரன்ஃபிளாட், பின்னால் சாதா என்று கலந்து மட்டும் போடாதீர்கள்.

"5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்று" என்பதைக் கேட்பது

முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ் இருக்கும் வண்டியில் எதை எங்கே மாற்றுவீர்கள்?

உள்விளிம்பைப் பார்க்காமல் விடுவது

இந்த மாதிரி வண்டிகளில் சக்கரத்தின் மேற்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும்படி வைத்திருப்பார்கள், வளைவில் பிடிப்பு கிடைக்க. அதனால் டயரின் உள்விளிம்பு முதலில் தேயும். வெளியே நின்று பார்த்தால் பட்டன் நன்றாக இருக்கும். பின் டயருக்கு உள்ளே கையை விட்டுத் தடவினால்தான் கம்பி குத்தும். கை போகாவிட்டால் போனில் வீடியோவைப் போட்டு, டயருக்குப் பின்னால் நீட்டி ஒரு சுற்று எடுத்துப் பாருங்கள். சட்டப்படி காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் வேண்டும். நடுவில் 5 இருந்து, உள்ளே கம்பி தெரிந்தால் அந்த டயர் முடிந்தது.

சாய்வு மட்டும் இவ்வளவு வேகமாகத் தின்னாது. பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) தப்பாக இருக்கும், அல்லது பின்பக்க சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் தளர்ந்திருக்கும். அதைச் சரிபண்ணாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும். டயர் கடையில் "முன்னால் மட்டும் அலைன்மென்ட் பண்ணிட்டோம்" என்றால் திருப்பி அனுப்புங்கள். பின்பக்கமும் திருத்த வசதியுள்ள வண்டிகள் இவை. அலைன்மென்ட் முடிந்து கையில் தரும் பேப்பரில் பின் டோ இரண்டு பக்கமும் பச்சையில், அதாவது சரியான அளவுக்குள், வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

முதல் 300 கிலோமீட்டர்

மெதுவாக. அச்சிலிருந்து வந்த வழவழப்பு தேய்ந்து போகும்வரை புது டயருக்கு முழுப் பிடிப்பு வராது. ஈசிஆரில் காட்டுவதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.