சிங்கப்பூரில் சொத்து வரியை நீங்களே கணக்கிடுவது எப்படி

சொத்து வரிக்கான கணக்கு சின்னது: ஆண்டு மதிப்பை வரி விகிதத்தால் பெருக்க வேண்டும். வீட்டை என்ன விலைக்கு வாங்கினீர்கள், வங்கிக் கடன் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் இதில் சேராது. ஆண்டு மதிப்பைச் சரியாகப் பிடித்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

அந்த இடத்தை வாடகைக்கு விட்டால் சந்தையில் ஓராண்டுக்கு என்ன கிடைக்கும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் போடும் மதிப்பீடே ஆண்டு மதிப்பு. நீங்களே குடியிருந்தாலும், பூட்டிப் போட்டிருந்தாலும், உறவினருக்குக் குறைந்த வாடகைக்கு விட்டிருந்தாலும் அது மாறாது. காலியாகக் கிடக்கும் கட்டடத்துக்கு முன்பு வரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2014 முதல் அது கிடையாது.

சொந்த வீடு என்றால் சிங்பாஸ் (அரசாங்க மின்னியல் அடையாளக் கணக்கு) கொண்டு ஆணையத்தின் வரித் தளத்தில் நுழைந்து ஆண்டு மதிப்பைப் பார்த்துவிடலாம். இனிமேல் வாங்கப்போகும் வீடு என்றால் வாடகை நிலவரத்திலிருந்து ஊகிக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளின் வாடகையை அந்தக் கழகமும், தனியார் வீடுகளின் வாடகையை நகர மறுசீரமைப்பு ஆணையமும் இணையத்தில் வெளியிடுகின்றன. அதே வட்டாரத்தில், அதே அளவுள்ள வீடுகளின் அண்மைய வாடகைகள் சிலவற்றை எடுத்து நடுவாக ஒரு தொகையை வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களுக்கான வாடகையையும் பராமரிப்புக் கட்டணத்தையும் கழிக்க வேண்டும். பலர் இதைக் கழிக்காமல் விட்டுவிட்டு வரியைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள்.

ஒரு கொண்டோமினிய (தனியார் அடுக்குமாடி) வீட்டுக்கு மாத வாடகை 4,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்போம். சாமான்களுக்கு 300, பராமரிப்புக்கு 400 போக 3,500. பன்னிரண்டு மாதத்துக்கு 42,000 வெள்ளி. இதுதான் ஆண்டு மதிப்பு.

அடுத்து, எந்த விகிதம்? உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு 2025 முதல் நடப்பில் உள்ளது இது:

முதல் 12,000 வெள்ளி: வரி இல்லை
அடுத்த 28,000: 4%
அடுத்த 10,000: 6%
அடுத்த 25,000: 10%
அடுத்த 10,000: 14%
அடுத்த 15,000: 20%
அடுத்த 40,000: 26%
140,000க்கு மேல்: 32%

உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்கு முதல் 30,000 வெள்ளிக்கு 12%, அடுத்த 15,000க்கு 20%, அடுத்த 15,000க்கு 28%, அதற்கு மேல் 36%. இங்கே வரியில்லாத பகுதி எதுவும் கிடையாது.

விகிதம் படிப்படியாக ஏறுகிறது. மொத்தத் தொகையையும் மேல்படி விகிதத்தால் பெருக்கிவிடாதீர்கள். அந்த 42,000 வெள்ளி வீட்டில் நீங்களே குடியிருந்தால் 28,000க்கு 1,120, மீதி 2,000க்கு 120, ஆக 1,240 வெள்ளி. வாடகைக்கு விட்டால் 3,600 + 2,400 = 6,000 வெள்ளி. ஆண்டு மதிப்பு 14,400 உள்ள வீவக வீட்டில் குடியிருந்தால் வரி 96 வெள்ளி. முழு வீட்டையும் வாடகைக்கு விட்டால் 1,728. வாடகைதாரரிடம் தொகை பேசுவதற்கு முன்பே இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் குடியிருந்துகொண்டே ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விட்டால் குறைந்த விகிதம் தொடரும். முழு வீட்டையும் விட்டால் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. சேர்ந்து வாழும் கணவன் மனைவிக்கு ஆளுக்கொரு வீடு இருந்தாலும் ஒரு வீட்டுக்குத்தான் குறைந்த விகிதம். இரண்டாவது வீட்டை வாங்கும்போது இதை மறந்து கணக்குப் போடுபவர்கள் நிறைய.

கடை, அலுவலகம், கிடங்கு போன்றவற்றுக்கு ஒரே விகிதம், 10%. மாதம் 8,000 வெள்ளிக்குப் போகும் கடையில் சேவைக் கட்டணம் 1,000 என்றால் 7,000 × 12 = 84,000; வரி 8,400 வெள்ளி. வாடகை ரசீதில் பொருள் சேவை வரி சேர்ந்திருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் உள்ளதைப் போன்ற கடைவீடுகளில் கவனம் தேவை: கீழே கடைக்கும் மேலே குடியிருப்புக்கும் அனுமதி இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். வெறும் நிலமாகவோ கட்டுமானத்திலோ இருந்தால் நிலத்தின் சந்தை மதிப்பில் 5% ஆண்டு மதிப்பாகும்.

அரசாங்கம் சில ஆண்டுகளில் தள்ளுபடி தருகிறது. 2025இல் உரிமையாளர் குடியிருக்கும் வீவக வீடுகளுக்கு 20%, தனியார் வீடுகளுக்கு 15%, அதிலும் 1,000 வெள்ளிக்கு மேல் போகாது. ஆண்டுக்கு ஆண்டு இது மாறும் என்பதால், தள்ளுபடி இல்லாத தொகையையே பட்ஜெட்டில் எழுதி வைப்பது நல்லது.

ஆண்டு முழுமைக்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். தவறினால் 5% அபராதம். மொத்தமாகக் கட்டுவது சிரமம் என்றால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ மூலம் வட்டியின்றி 12 தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆண்டு நடுவில் வீடு கைமாறினால் விற்பவரும் வாங்குபவரும் தத்தம் நாட்களுக்கு ஏற்ப வரியைப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். வழக்கறிஞர் தரும் கணக்கில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆண்டு மதிப்பு அதிகம் என்று பட்டால் ஆட்சேபிக்கலாம். பக்கத்து வீடுகளின் வாடகைதான் அதற்கு ஆதாரம். உங்கள் வருமானம் குறைந்தது காரணமாகாது. முடிவு வரும்வரை வரி அறிவிப்பில் உள்ள தொகையைக் கட்டியே ஆக வேண்டும். ஆட்சேபம் ஏற்கப்பட்டால் கூடுதலாகக் கட்டியது திரும்பி வரும்.