கடலோர வீட்டு ஜன்னலுக்குப் புயல் பலகை: எந்தப் பொருளை வாங்குவது?

மதுரையில் குடியிருந்தாலும் ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் நினைப்பெல்லாம் ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் ஊரில்தான். அங்கே கடலை ஒட்டிய வீட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும் தனியாக இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது. அந்த வீட்டின் ஆறு ஜன்னல்களுக்கும் புயல் நேரத்தில் வெளியே மாட்டி மூடும் பலகை தேடி அலைந்தபோது கற்றுக்கொண்டதை, முதன்முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கண்ணாடிதானே, உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். உடைந்த ஜன்னல் வழியே புகும் காற்று கூரையை உள்ளிருந்து மேலே தள்ளும். வெளியே வீசும் காற்றோ அதே கூரையை மேலே இழுக்கும். கூரை ஓடுகளும் தகரமும் பறப்பது அப்படித்தான். கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவது எதையும் தடுக்காது.

படி 1: அளவெடுங்கள். திறப்பைவிட நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாகப் பலகை வேண்டும். மேலே சன்ஷேடும் கீழே துருத்தி நிற்கும் கடப்பாக்கல்லும் இடிக்குமா என்று அப்போதே பாருங்கள்.

படி 2: காற்றின் பலத்தைக் கணக்கிடுங்கள். நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 0.6-ஆல் பெருக்க வேண்டும். வருவது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கு; கிலோவில் தெரிய அதைச் சுமார் 10-ஆல் வகுக்க வேண்டும். இந்தியத் தரநிலை மதுரைக்கு வைத்திருக்கும் அடிப்படை வேகம் 39. கடலோரச் சென்னைக்கு 50. வேகம் 50 என்றால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 150 கிலோ பாரம். நாலடிக்கு நாலடி ஜன்னலில் 220 கிலோவுக்கு மேல் வரும். மூன்று ஆட்கள் தங்கள் முழு எடையையும் சாய்த்துத் தள்ளுவதற்குச் சமம்.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுங்கள். விலை குறைவு என்பதால் எல்லோரும் முதலில் பிளைவுட்டைத்தான் கேட்பார்கள். 16 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 'ஐ.எஸ். 710' முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாக வாங்குங்கள். தண்ணீர் தாங்கும் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி நான் வாங்கிய, ஈரப்பதத்தை மட்டும் தாங்கும் எம்.ஆர். வகைப் பலகை ஒரே மழைக்காலத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. அறுத்த விளிம்புகளுக்குக் கட்டாயம் பெயின்ட் அடியுங்கள். ஆனால் 19 மில்லிமீட்டரில் எட்டுக்கு நாலடிப் பலகை ஒன்று 35 கிலோவுக்குக் குறையாது.

நெளிவுள்ள துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு உறுதியானது. ஆயினும் வெட்டிய ஓரத்திலும் துளையிலும் உப்புக்காற்று துருவை ஏற்றிவிடும். அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், துருவும் ஏறாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வகையான திண்மையான பாலிகார்பனேட் அடியைத் தாங்கும், வெளிச்சத்தையும் உள்ளே விடும். புயலுக்குப் பின் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத வீட்டில் அந்த வெளிச்சத்தின் அருமை தெரியும். வெயில் தாங்கும் பூச்சு உள்ள பக்கம் வெளியே இருக்க வேண்டும். அக்ரிலிக்கை அதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள், உடைந்துவிடும். மிச்சமிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளும் வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், பலகையைத் தூக்கி மாட்டப் போகும் கைகளைப் பார்த்துத்தான் பொருளை முடிவு செய்ய வேண்டும். பெரியப்பாவால் பிளைவுட்டைத் தூக்க முடியாது. ஆகவே ஐந்து ஜன்னல்களுக்கு அலுமினியம், கூடத்து ஜன்னலுக்குப் பாலிகார்பனேட் என்று முடிவு செய்தோம்.

படி 4: பிடிப்பு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிளாஸ்டிக் பிளக்கில் திருகிய ஸ்க்ரூ பலகையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பூச்சைத் தாண்டி, ஜன்னலுக்கு மேலுள்ள லின்டல் கான்கிரீட்டிலும் செங்கல் சுவரிலும் ஆழமாக இறங்கும் ஆங்கர் போல்ட்டுகளை அடிக்கு ஒன்றாக அடியுங்கள். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண இரும்பு போல்ட்டானாலும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டானாலும், உப்பு ஈரத்தில் அலுமினியத்தை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அலுமினியம் அரிக்கக்கூடும். பாலிகார்பனேட் வெயிலில் விரியும். அதில் துளையைப் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டு, அகலமான வாஷர் வையுங்கள்.

படி 5: ஒத்திகை. புரட்டாசியிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். பலகைக்கும் ஜன்னலுக்கும் ஒரே எண்ணை எழுதுங்கள். கையால் திருகும் விங் நட்டுகளுக்கு கிரீஸ் தடவி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வெளியேறும் கதவை மட்டும் அடைக்காதீர்கள். கடல் நீர் ஏறிவந்தால் எந்தப் பலகையும் தடுக்காது. முகாமுக்குப் போகச் சொன்னால் உடனே கிளம்பிவிடுங்கள். சென்ற ஒத்திகையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஆறு ஜன்னல்களையும் தாங்களாகவே மூடினார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.