எதிரணி டிரிபிள் ஆப்ஷன் ஆடினால் என்ன செய்வது? டிஃபென்ஸ் பயிற்சி, படிப்படியாக

2013 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், டிரிபிள் ஆப்ஷன் ஆடும் ஜார்ஜியா சதர்ன் அணி ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்துக்கே போய் 26-20 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தில் அவர்கள் எறிந்த ஒரு பாஸ்கூடக் கைசேரவில்லை. ஓடியே 429 யார்டு எடுத்தார்கள். ஃப்ளோரிடா பெரிய அணி, வந்தவர்களோ ஒரு படி கீழேயுள்ள பிரிவு.

அமெரிக்க ஃபுட்பாலில் டிஃபென்ஸ் (தடுக்கும் குழு) தினமும் மோதுவது தன் சொந்த அணியின் அஃபென்ஸோடுதான் (பந்தோடு முன்னேறும் குழு). நம்மவர்கள் பாஸ் எறிகிற அணி என்றால், நம் டிஃபென்ஸின் கண்ணும் காலும் அதற்கே பழகியிருக்கும். எதிரே வருகிறவர்கள் வேறு மாதிரி ஆடினால் அந்தப் பழக்கமே காலை வாரும். கடினமான உதாரணம் டிரிபிள் ஆப்ஷன் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அதில் பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு மூன்று வழி. நடுவே பாய்கிற ஃபுல்பேக்கிடம் பந்தைக் கொடுக்கலாம், தானே ஓடலாம், வெளிப்பக்கம் ஓடி வருகிற இன்னொரு ஓட்டக்காரரிடம் பிட்ச் செய்யலாம், அதாவது பக்கவாட்டில் வீசலாம். நம் ஆட்களில் ஓரிருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டு, அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்து அந்த நொடியில் முடிவெடுப்பார்.

படி 1: ஆகஸ்டிலேயே தொடங்குங்கள்

சனிக்கிழமை ஆட்டம் என்றால் அந்த வாரத்தில் உருப்படியான பயிற்சி மூன்று நாள்தான் கிடைக்கும். கல்லூரி அணிகளுக்கு வாரம் 20 மணி நேரம் என்ற வரம்பும் உண்டு. அதனால் சீசனுக்கு முந்தைய முகாமிலேயே பத்துப் பத்து நிமிடமாக ஒதுக்கிவிடுங்கள். டிரிபிள் ஆப்ஷன் பயிற்சியாளர் பால் ஜான்சன் ஜார்ஜியா டெக்கில் இருந்த காலத்தில் (2008–2018) அவர்களோடு மோத வேண்டிய அணிகள் இப்படித்தான் நேரம் தேடின.

படி 2: ஸ்கவுட் டீமைப் பொறுக்குங்கள்

எதிரணியைப் போல நடிப்பதுதான் ஸ்கவுட் டீமின் வேலை. பெரும்பாலும் புதுமுகங்களும், உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவர்களும் இருப்பார்கள். கிரிக்கெட்டில் எதிரணியில் நல்ல இடதுகை வேகப்பந்து வீச்சாளர் இருந்தால், வலைப்பயிற்சிக்கு ஒரு இடதுகைக்காரரைத் தேடிப் பிடிப்பார்களே, அதே கதைதான்.

குவார்ட்டர்பேக் வேடத்துக்கு அணியின் மாற்றுக் குவார்ட்டர்பேக்கைப் போடாதீர்கள். கை வலுவைவிடக் கால் வேகம்தான் இங்கே முக்கியம். உயர்நிலைப் பள்ளியில் ஆப்ஷன் ஆடிய ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஒருவராவது கிடைப்பார்.

படி 3: கார்டு வரையுங்கள்

எதிரணியின் ஒவ்வொரு பிளேயையும் (ஒரு முயற்சியில் யார் எங்கே ஓடுவது என்ற திட்டம்) ஒரு அட்டையில் பெரிதாக வரைந்து காட்டினால், ஸ்கவுட் டீம் பார்த்து ஆடும். ஆறேழு போதும். முப்பது கார்டு வரைந்தால் எதையும் ஒழுங்காக ஆட மாட்டார்கள். ஓட்டம் போலவே தொடங்கும் பாஸ் ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிகள் ஓட்டத்தைப் பிடிக்க முன்னே பாயப் பழகிவிட்டால், அவர்கள் முதுகுக்குப் பின்னால் பந்து விழும்.

படி 4: பந்தை எடுத்துவிடுங்கள்

முதல் இரண்டு நாள் பந்து இல்லாமலே ஆடவிடுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படிகளையும்விட இதுதான் பெரிது. ஒருவருக்கு ஃபுல்பேக், ஒருவருக்கு குவார்ட்டர்பேக், ஒருவருக்கு பிட்ச் ஆள் என்று பிரித்துக் கொடுங்கள். பந்து யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியே கிடையாது. அவரவர் ஆளை அவரவர் ஒவ்வொரு முறையும் பிடித்தாக வேண்டும்.

ஏன் என்றால், ஸ்கவுட் டீமின் போலி அசைவுகள் அசலைப் போல இருக்காது. பந்து இருந்தால் நம் லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னே நிற்கும் தடுப்பாளர்) அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, தன் ஆளை விட்டு அங்கே ஓடிப் பிடித்துவிடுவார். எல்லாரும் கைதட்டுவார்கள். சனிக்கிழமை அதே வேலையைச் செய்தால், அவர் விட்ட இடத்தில் ஒருவன் அறுபது யார்டு ஓடுவான். அப்புறம் வீடியோ பார்க்கும்போதும் இதே கணக்கில் பாருங்கள்: தன் ஆளைத் தொட்டாரா, இல்லையா? மூன்றாம் நாள் பந்து வரட்டும்.

படி 5: முழங்காலைக் காப்பாற்றுங்கள்

இந்த அணிகள் கட் பிளாக் செய்யும், அதாவது காலைக் குறிவைத்துத் தடுக்கும். சொந்த ஆட்களை விட்டு இதைப் பழக்காதீர்கள், அடிபட்டால் சீசன் போய்விடும். உடற்பயிற்சிக்கான பெரிய காற்றுப் பந்தைக் காலை நோக்கி உருட்டுங்கள். கையால் அழுத்தித் தள்ளி, காலைப் பின்னே இழுத்து, விழாமல் நிற்க வேண்டும். 2022 முதல் கல்லூரி விதியில் இடுப்புக்குக் கீழான தடுப்பு, பந்தைச் சுற்றி நடுவிலுள்ள டேக்கிள் பாக்ஸ் என்ற பகுதிக்குள் மட்டும்தான். பழைய வீடியோவைப் போட்டு, ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக்குகளைப் பயமுறுத்த வேண்டாம்.

(எதிரணி மூச்சுவிடாமல் வேகமாக ஆடும் வகை என்றால் வேறு ஏற்பாடு: இரண்டு ஸ்கவுட் குழு வையுங்கள். ஒன்று ஆடும்போது மற்றது கார்டு பார்க்கட்டும்.)

படி 6: நீண்ட டிரைவுக்குப் பழக்குங்கள்

டிரைவ் என்றால் பந்தைக் கைவிடாமல் தொடர்ந்து முன்னேறுவது. 2018 செப்டம்பரில், டிரிபிள் ஆப்ஷன் ஆடும் ஆர்மி அணி (அமெரிக்க ராணுவக் கல்லூரி) ஓக்லஹோமாவுக்கு எதிராக 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடத்துக்கு மேல் பந்தைத் தானே வைத்திருந்தது. நட்சத்திரக் குவார்ட்டர்பேக் கைலர் மரே இருந்தும் ஓக்லஹோமா கூடுதல் நேரத்தில்தான் 28-21 என்று தப்பித்தது. அதனால் பயிற்சியில் பதினைந்து பிளேக்களைத் தொடர்ந்து ஓட்டுங்கள். முன்வரிசை ஆட்களை எப்போது மாற்றுவது என்றும் அங்கேயே முடிவு செய்யுங்கள். மூன்று முயற்சியில் பத்து யார்டு வரவில்லை என்றால் மற்ற அணிகள் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடும். இவர்கள் இரண்டு யார்டு பாக்கி என்றால் நான்காவதிலும் ஓடிப் பார்ப்பார்கள். பயிற்சியில் இப்படி ஓட்டும் ஒவ்வொரு தொடரின் கடைசி பிளேயும் அந்த நான்காவது முயற்சியாகவே இருக்கட்டும், ஆட்கள் களைத்திருக்கும்போதே.