அட்ஜுவன்ட் வேலைல புதுசா இறங்குறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்ஜுவன்ட்ங்கறது வேக்சினோட கலந்து அதோட பலன ஏத்திவிடற பொருள். லேபுக்குப் புதுசா வர்றவங்க ஹெச்ஐவி வேக்சினுக்கான இந்த வேலைல பண்ற தப்புகளப் பாத்தா, அந்த வயசுல நானும் இதையேதான் பண்ணேன்னு தோணுது. பைபெட் பிடிக்கறது, லேபிள் மாத்தி ஒட்டறது எல்லாம் ஒரு மாசத்துல தானா சரியாயிடும், அத விட்டுடறேன்.

ரெண்டாவது வார டைட்டர (ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி அளவ) வச்சு முடிவு கட்டுறது

இதுதான் இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்ற விஷயம். பூஸ்டர் போட்டு ரெண்டு வாரத்துல ரத்தம் எடுத்தா ஆன்டிபாடி எகிறித்தான் இருக்கும், ஏன்னா அப்போ அதச் சுரக்கறதுல பெரும்பாதி சீக்கிரமே செத்துப்போற பிளாஸ்மா செல்கள். மெமரிங்கறது வேற. எலும்பு மஜ்ஜைல போய் உக்காந்து வருஷக்கணக்கா சுரக்கற செல்கள் வேணும், வைரஸ திரும்பப் பாத்ததும் முழிச்சுக்கற மெமரி பி செல்கள் வேணும், இதுல நல்லாத் தேறினது பெரும்பாலும் லிம்ஃப் நோடுக்குள்ள, பி செல்கள் பழகித் தேர்ற ஜெர்மினல் சென்டர்ங்கற இடத்துலதான் உருவாகுது. வைரஸ் துண்ட மத்த செல்களுக்குக் காட்டற டென்ட்ரிடிக் செல்ல உசுப்பிவிட்டு, பி செல்லுக்கு உதவற ஹெல்பர் டி செல்கள வரவச்சு, அந்த சென்டர் சீக்கிரம் கலைஞ்சு போகாம பாத்துக்கறதுதான் நல்ல அட்ஜுவன்டோட வேலை. ஹெச்ஐவில பலவகை வைரஸையும் மடக்கற ஆன்டிபாடி வரணும்னா பி செல் நிறைய மியூட்டேஷன் ஏத்திக்கணும், அதுக்கு நாள் ஆகும். சபோனின்ங்கற தாவரப் பொருள் கலந்த நானோ துகள் அட்ஜுவன்டோட, டோஸ கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி குரங்குகளுக்குப் போட்டப்ப ஜெர்மினல் சென்டர் 6 மாசத்துக்கு மேல நின்னுச்சுன்னு 2022ல காட்டினாங்க. ரெண்டு வாரத்துல எடுத்த ரத்தத்துல இது எப்படித் தெரியும்?

நான் ஒரே என்வலப் புரதத்துக்கு (வைரஸோட மேலுறைல இருக்கறது) ரெண்டு அட்ஜுவன்ட எலில ஒப்பிட்டேன். 14ஆம் நாள் ஒண்ணு அமோகமா ஜெயிச்சுது, இன்னொன்ன ஓரங்கட்டிட்டோம், எலிகளையும் அன்னைக்கே முடிச்சாச்சு. ஒரு வருஷம் கழிச்சு அதே ரெண்டையும் 6 மாசம் ஓட்டினப்ப, ஜெயிச்சது பாதாளத்துக்குப் போயிருந்துச்சு, ஓரங்கட்டினது அசையாம நின்னுச்சு. ஒரு வருஷ உழைப்பும் அத்தனை உயிரும் வீண், இப்ப நினைச்சாலும் மனசு ஆறல.

மனுஷங்க கிட்டயும் இதே கதைதான். ஆலம்ங்கற அலுமினிய உப்பு அட்ஜுவன்ட் சேத்துப் போட்ட தாய்லாந்து ஹெச்ஐவி வேக்சின் ட்ரயல்ல முதல் வருஷம் சுமார் 60% பாதுகாப்பு, மூணரை வருஷத்துல 31.2% ஆயிடுச்சு, ஆன்டிபாடியும் சீக்கிரமே இறங்கிடுச்சு. அதனால 6 மாச சாம்பிளும் எலும்பு மஜ்ஜையும் ஆரம்ப பிளான்லயே இருக்கணும், அப்புறம் பாத்துக்கலாம்னா எலி இருக்காது.

அட்ஜுவன்ட் ஸ்ட்ராங்கா இருந்தா நல்லா காப்பாத்தும்னு நம்பறது

தென்னாப்பிரிக்கா ட்ரயல்ல ஆலத்துக்குப் பதிலா எம்எஃப்59ங்கற எண்ணெய்க் கலவை அட்ஜுவன்ட் போட்டாங்க, பலன் இல்லன்னு 2020 பிப்ரவரில நிறுத்திட்டாங்க. வேக்சின் போட்டவங்கள்ல 129 பேருக்குத் தொற்று, போடாதவங்கள்ல 123. அங்க புரதமும் மாறியிருந்தது, அதனால பழிய முழுசா அட்ஜுவன்ட் மேல போட முடியாது. ஆனா 2016ல வந்த குரங்கு ஆய்வுலயே எம்எஃப்59 ரெஸ்பான்ஸ ஏத்துச்சு, தொற்றுலேர்ந்து காத்தது ஆலம்தான்.

ஆலத்த ஃப்ரீசர்ல வைக்கறது

கூடவே கூடாது, கட்டி தட்டிடும்.

அட்ஜுவன்ட் மட்டும் போட்ட குரூப் இல்லாம ஓட்டுறது

அப்படி ஓட்ட வேண்டாம்.

புரதத்த அட்ஜுவன்டோட கலந்ததோட வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறது

என்வலப் ட்ரைமர், அதாவது மூணு துண்டு சேந்த என்வலப் புரதம், ரொம்ப நொய்வான சாமான். கலந்தப்புறம் அதோட வடிவம் அப்படியே இருக்கான்னு, வடிவத்தப் பிடிக்கற ஆன்டிபாடிகள வச்சு செக் பண்ணுங்க. அது பிரிஞ்சு போயிருந்தா ஜெர்மினல் சென்டர் எத்தனை மாசம் நின்னாலும் பி செல் பழகறது உண்மையான வைரஸ்ல வெளியவே தெரியாத ஒரு பக்கத்தோட.