பழைய போர்ஷே 911-க்கு ஒரிஜினல் பாகம் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

1965 முதல் 1973 வரையிலான மாடல் போர்ஷே 911 வண்டிகளின் விலை ஏற ஏற, அவற்றிலிருந்து கழன்ற வீல், மீட்டர், கார்புரேட்டர், ஏன், போல்ட்டுக்குக்கூடத் தனிச் சந்தை உருவாகிவிட்டது. போலியை வாங்கி ஏமாறுவதைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். என் கணிப்பில் அதைவிட அதிகம் பணம் போவது வேறு வழியில்: நூறு சதவீதம் அசலான பாகத்தை, அதற்குப் பொருந்தாத வண்டிக்கு வாங்குவதில்.

ஃபுக்ஸ் வீலையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் மைனர்ட்ஸ்ஹாகன் ஊரில் உள்ள ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் செய்தது. உருக்கி வார்த்ததல்ல, அலுமினியத்தை அச்சில் அழுத்தி அடித்துச் செய்த ஐந்து இதழ் வீல். 1966-ல் 911எஸ் மாடலோடு வந்தபோது அகலம் 4.5 அங்குலம்தான். 1968 மாடலில் 5.5, 1969 மாடலில் 6 என்று வளர்ந்தது. விட்டம் 15 அங்குலம். ஆழமான தோற்றம் கொண்ட ஆரம்பகால 6 அங்குல வீலை ‘டீப் சிக்ஸ்’ என்பார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இந்த வீலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. அங்கே பாக எண், அளவு, செய்த மாதம், ஆண்டு எல்லாம் பதித்திருக்கும். பாக எண் சரியாக இருந்தால் போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். வண்டி 1970 மார்ச்சில் தொழிற்சாலையை விட்டு வந்தது என்று வையுங்கள். வீலில் 1970 ஆகஸ்ட் என்று இருந்தால் அது அந்த வண்டியோடு பிறந்ததாக இருக்க முடியாது. பாகத்தின் தேதி வண்டியின் தேதிக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். நான்கு வீலும் ஏறக்குறைய ஒரே தேதியில் அமைந்தால் அந்தச் செட்டுக்குத் தனி மதிப்பு. நான்கு இடத்தில் பொறுக்கிச் சேர்த்ததை அந்த விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். விடிஓ நிறுவனம் செய்த டாஷ்போர்டு மீட்டர்களின் முதுகிலும் இப்படித் தேதி இருக்கும். விளம்பரத்தில் முன்பக்கப் படம் மட்டும் இருந்தால், பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பாக எண்ணிலேயே ஒரு பொறி உண்டு. இந்த வண்டியின் முதல் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர் தங்களுடையது என்று 1964-ல் பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால் 911 ஆனது. வண்டியின் பெயர் மாறியது, பாக எண்கள் மாறவில்லை. பிறகும் பல ஆண்டுகள் 901 என்று தொடங்கும் எண்களோடு பாகங்கள் வந்தன. ஆகவே ‘901 நம்பர் சார், பெயர் மாறுவதற்கு முந்தைய சரக்கு’ என்று யாராவது விலையை ஏற்றினால் சிரித்துவிட்டு நகரலாம். எண்ணின் கடைசி இலக்கங்களையும் பாருங்கள். பாகத்தில் திருத்தம் வரும்போது அவை மாறும்.

சரி, சரியான வீல் கிடைத்துவிட்டது. உடனே கண்ணாடி மாதிரி பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அது பளபளக்கவில்லை. அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் மேற்பரப்பைக் கெட்டியாக்கிய மங்கலான வெள்ளி நிறம், இதழ்களுக்கு நடுவே கறுப்புப் பெயின்ட். பாலிஷ் போட்டால் அந்த மேற்பூச்சு போய்விடும். மீண்டும் அனோடைஸ் செய்யலாம், ஆனால் தேய்ந்துபோன விளிம்புக் கூர்மை திரும்பாது. பழைய கீறலோடு அசல் பூச்சு இருக்கும் வீலுக்குத்தான் விவரம் தெரிந்தவர் அதிகம் தருவார். அப்புறம், 6 அங்குல வீலை வெட்டி ஒட்டி அகலமாக்கியதும் சந்தையில் சுற்றுகிறது. பதித்த அளவை நம்பாமல் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து செலுத்தும், பாஷ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பம்ப் வேறு வகைத் தலைவலி. 1969 மாடலிலிருந்து 911இ, 911எஸ் இரண்டிலும் வந்தது. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கேம் என்ற துண்டு அந்தந்த எஞ்சினுக்கென்று கடைந்தது. இ பம்பை எஸ் எஞ்சினில் பூட்டினால் பெட்ரோல் அளவு சரியாக வராது. தகட்டில் உள்ள எண்ணைப் பார்த்தால் எதன் பம்ப் என்று தெரிந்துவிடும். பல ஆண்டுகள் சும்மா கிடந்தது உள்ளே இறுகியும் போயிருக்கலாம். ரீபில்ட் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு, கூலியும் அதிகம். அந்தச் செலவைக் கழித்துவிட்டுத்தான் பம்புக்கு விலை சொல்ல வேண்டும்.

விற்காமல் பெட்டியிலேயே கிடந்த பழைய புதுச் சரக்கு என்றால் பலருக்குக் கண் மண் தெரிவதில்லை. மீட்டர், கண்ணாடி, கைப்பிடி என்றால் சந்தோஷமாக வாங்கலாம். பிரேக் ஹோஸ், பெட்ரோல் ட்யூப், ரப்பர் சீல் என்றால் அலமாரியில் வைக்க மட்டும்தான். ஐம்பது வருஷ ரப்பர் பெட்டிக்குள்ளேயே கெட்டிருக்கும். அதை நம்பி சாலையில் இறங்குவது முட்டாள்தனம். அசல் பெட்டிக்குள் புதிதாகச் செய்த பாகத்தை வைத்து விற்பவர்களும் உண்டு. பெட்டியின் லேபிளில் உள்ள எண்ணும் பாகத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

1973-ன் கரேரா ஆர்எஸ் 2.7 என்ற 911 வகை வந்த பிறகு ‘அபூர்வம்’ என்ற சொல்லுக்கே அர்த்தம் போய்விட்டது. ரேஸ் விதிக்காக 500 வண்டி போதும் என்று தொடங்கி, 1,580 வரை கட்டினார்கள். ஆனால் சாதாரண 911-ஐ அதைப்போல மாற்றிய வண்டிகள் ஏராளம். அதனால் வாத்து வால் போன்ற அந்தப் பின்பக்க ஸ்பாய்லரின் நகல்களும் ஏராளம். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்பதற்குக் காகிதம் இல்லாத ஸ்பாய்லருக்கு நகல் விலைதான்.

எஞ்சினின் வெளிக்கூடான கிராங்க்கேஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எஞ்சின் எண் பதித்த இடத்தைச் சுற்றி உலோகம் புதிதாகச் சீவியதுபோல இருந்தாலோ, எழுத்து வடிவம் மாறுபட்டாலோ ஒதுங்கிவிடுங்கள். எண் இல்லாத மாற்றுக் கிராங்க்கேஸ் கிடைத்தால், தன் வண்டியின் அசல் எஞ்சின் எண்ணைப் பதித்து ‘மேட்சிங் நம்பர்’, அதாவது வண்டியோடு பிறந்த எஞ்சின் என்று விற்பது மோசடி. 1968 மாடலிலிருந்து இவை மெக்னீசியத்தில் வந்தன. ஈரத் தரையில் போட்டுவைத்தால் அரித்துவிடும்.

விலைக்கு வருவோம். விற்பவர் கேட்கும் விலை விலையே அல்ல. பிரிங் எ டிரெய்லர், ஆர்எம் சோத்பிஸ் போன்ற ஏலங்களில் எவ்வளவுக்கு விற்றது என்பதைப் பாருங்கள். அதிலும் வாங்குபவர் தனியாகக் கட்டும் கமிஷன் சேர்ந்ததா என்று கவனிக்க வேண்டும். பழைய கார் கண்காட்சிகளில் கையில் எடுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்குவது எனக்குப் பிடித்த வழி. படத்தில் மறைவது கையில் மறையாது.

பாகம் வாங்கும்போது அதைப் பூட்டியிருந்த போல்ட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். தலையில் காமாக்ஸ், வெர்பஸ் என்று செய்தவர் பெயர் பதித்த, மஞ்சள் பூச்சுள்ள அந்தக் கால போல்ட்டுகளைப் பலர் துரு என்று குப்பையில் போடுகிறார்கள். பிறகு அதே போல்ட்டுகளைத் தனித்தனியாக விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.