மெத்தை உறையைத் துவைக்கும் முன்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கிய முதல் வாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். காலி அபார்ட்மெண்ட், கார்பெட் மேல் ஒரு போர்வை, இரண்டு நாள் முதுகுவலி. அப்புறம் வாட்ஸப் குழுவில் ‘மூவிங் சேல்’ தேடல். ஊருக்குத் திரும்பும் குடும்பம் ஒன்று மெத்தை, சோஃபா, தொட்டில் எல்லாவற்றையும் சேர்த்து அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். மெத்தையை மட்டும் புதிதாக, இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து இணையத்தில் வாங்கினோம்.

ஒரு வருடம் போனது. குழந்தை பால் கொட்டிவிட்டாள். மெத்தை உறையில் ஜிப் இருந்தது. ஜிப் இருந்தால் கழற்றலாம், கழற்றினால் துவைக்கலாம், இதுதானே நம் ஊர்க் கணக்கு? கழற்றி வாஷிங் மெஷினில் போட்டேன். மறுநாள் வீட்டில் எல்லோருக்கும் கை கழுத்தெல்லாம் அரிப்பு. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் கார்பெட் முழுக்க ஜிகினா தூவியதுபோல மின்னுகிறது. கண்ணாடி இழை, அதாவது ஃபைபர்கிளாஸ். மெஷினுக்குள்ளும் அதுவே, அதற்குப் பிறகு துவைத்த துணிகளிலும் அதுவே. உறையின் ஓரத்தில் தைத்திருந்த டேக்கில் ‘உறையைக் கழற்றாதீர்கள்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை அதற்கப்புறம்தான் படித்தேன்.

மெத்தைக்குள் கண்ணாடிக்கு என்ன வேலை? இங்கே விற்கும் மெத்தை எதுவானாலும் இரண்டு நெருப்புச் சோதனைகளில் தேற வேண்டும். ஒன்று, 1973 முதல் இருக்கும் சிகரெட் சோதனை. மற்றது 2007 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 16 சி.எஃப்.ஆர். 1633 என்ற மத்திய அரசு விதி: நேரடித் தீயைக் காட்டிவிட்டு 30 நிமிடம் எவ்வளவு வெப்பம் கிளம்புகிறது என்று அளப்பார்கள். ஃபோமில் ரசாயனம் கலந்து தேறுவதைவிட, ஃபோமைச் சுற்றித் தீ தாங்கும் ஓர் உள்ளுறை போட்டுவிடுவது சுலபம். விலை கூடிய மெத்தையில் அது கம்பளியாகவோ சிலிக்கா கலந்த ரேயானாகவோ இருக்கும். மலிவு மெத்தையில் பல நேரம் கண்ணாடி இழை. ஆகவே ‘தீத்தடுப்பு ரசாயனம் இல்லை’ என்று விளம்பரம் செய்யும் மெத்தையிலேயே இதுவும் இருக்கலாம், விளம்பரம் பொய்யும் இல்லை. வெளியுறை மூடியிருக்கும்வரை தொல்லை கிடையாது. வெளியே வந்தால் தோல், கண், தொண்டை எல்லாம் உறுத்தும், வீட்டைச் சுத்தம் செய்து மாளாது. மெத்தையிலும் சோஃபாவிலும் இதைப் பயன்படுத்த கலிபோர்னியாவில் 2027 ஜனவரி 1 முதல் தடை. அதுவரை டேக்கில் பொருள் பட்டியலைப் பாருங்கள். ‘கிளாஸ் ஃபைபர்’ என்று இருந்தால் விட்டுவிடுங்கள். பட்டியல் தெளிவாக இல்லையா, ஜிப்பைத் தொடாமல் மேலே வாட்டர்ப்ரூஃப் விரிப்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பால் கொட்டினால் அதைத் துவைத்தால் போதும்.

சரி, அந்தத் தீத்தடுப்பு ரசாயனங்கள்? அதில் மெத்தையைவிட நான் சந்தேகப்படுவது சோஃபாவைத்தான். கலிபோர்னியா 1975-இல் கொண்டுவந்த டி.பி. 117 என்ற விதி, சோஃபாவுக்குள் இருக்கும் ஃபோம் 12 விநாடி தீச்சுடரைத் தாங்க வேண்டும் என்றது. ஒரு மாநிலத்துக்காகத் தனியாகச் செய்வானேன் என்று கம்பெனிகள் நாடு முழுக்க அதே ஃபோமை விற்றன. அதில் கலந்த பி.பி.டி.இ. என்ற தீத்தடுப்பு ரசாயனம் ஃபோமோடு பிணைந்து நிற்பதில்லை. மெல்ல மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் சேரும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கில் தாய்மாரையும் பிள்ளைகளையும் பல வருடம் தொடர்ந்து கவனித்த பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்த ரசாயனத்தின் அளவுக்கும் பிள்ளைகளுக்குக் கவனம் நிலைக்காமல் போவதற்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். இதில் முக்கியமான வகையின் உற்பத்தி 2004 கடைசியில் நின்றது. அந்த இடத்துக்கு வந்தவற்றில் ஒன்று குளோரினேட்டட் ட்ரிஸ். 1970-களில் குழந்தைகளின் இரவு உடையிலிருந்து விலக்கப்பட்ட அதே சரக்கு! புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் கலிபோர்னியா அதை 2011-இல் சேர்த்தது.

எனவே மூவிங் சேலில் விலையைக் கேட்பதற்கு முன் வருடத்தைக் கேளுங்கள். சோஃபாவின் குஷனைத் தூக்கிப் பாருங்கள், அடியில் லேபிள் இருக்கும். வெறும் ‘டி.பி. 117’ என்றால் பழைய விதி, ரசாயனம் இருக்க வாய்ப்பு அதிகம். ‘டி.பி. 117-2013’ என்றால் திருத்திய விதி, ரசாயனம் இல்லாமலே தேறிவிடலாம். 2015 முதல் கலிபோர்னியாவுக்கான லேபிளில் தீத்தடுப்பு ரசாயனம் சேர்த்திருக்கிறதா இல்லையா என்று பெருக்கல் குறி போட்டே காட்டியிருப்பார்கள். 2020 முதல் அங்கே சோஃபா, குழந்தைப் பொருட்கள், மெத்தை ஃபோம் மூன்றிலுமே இந்த ரசாயனங்களுக்குத் தடை. தோல் கிழிந்து மஞ்சள் ஃபோம் பொடிப்பொடியாக உதிரும் சோஃபா இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். தொட்டில் மெத்தையைப் புதிதாகவே வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

புது மெமரி ஃபோம் மெத்தையைப் பிரித்ததும் பெயிண்ட் மாதிரி ஒரு வாடை வரும். பலர் பயந்துபோவது இதற்குத்தான். அது பெரும்பாலும் ஃபோம் தயாரிப்பில் மிஞ்சிய ஆவி. ஜன்னலைத் திறந்து இரண்டு மூன்று நாள் விட்டால் அடங்கிவிடும். தீத்தடுப்பு ரசாயனத்தை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஃபோமைச் சோதித்துத் தரும் ‘செர்டிபூர்-யு.எஸ்.’ முத்திரை இருந்தால் பி.பி.டி.இ.யும் அந்த ட்ரிஸும் ஃபோமில் இல்லை என்று பொருள். ஆனால் அது ஃபோமுக்கு மட்டும்தான், உள்ளுறைக்கு அல்ல.

கார் சீட்டிலும் இத்தகைய ரசாயனங்கள் இருக்கலாம். அதற்காகக் கார் சீட்டைத் தவிர்த்துவிடாதீர்கள், விபத்தில் பிள்ளையைக் காப்பது அதுதான். வீட்டுக்குள் தூக்கி வந்து அதிலேயே தூங்கவைக்காமல் இருந்தால் போதும்.

பழைய சோஃபாவை உடனே மாற்ற வசதி இல்லையென்றால் தூசியைக் கவனியுங்கள். நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்யூம், ஈரத்துணியால் துடைப்பது, சாப்பிடும் முன் கை கழுவுவது. கையால் சாப்பிடும் நமக்குக் கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம், அதுவும் சோஃபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடும் வீடுகளில்.

புது மெத்தை டெலிவரி வரும்போது பழையதை எடுத்துப் போவார்களா என்று ஆர்டர் செய்யும்போதே கேளுங்கள். கலிபோர்னியாவில் அதைக் காசு வாங்காமல் எடுத்துப் போக வேண்டும் என்பது சட்டம்.